பார் மிட்ஸ்வா: 13 வயதில் அந்தப் பையனுக்கு என்ன மாறுகிறது?

கேள்வி: நெய்தல்நிலா

வணக்கம் நண்பர்களே. மகளின் வகுப்புத் தோழனுக்கு பார் மிட்ஸ்வா. நியூ ஜெர்சியில் கன்சர்வேட்டிவ் பிரிவைச் சேர்ந்த ஒரு ஜெப ஆலயத்தில், சனிக்கிழமை காலை 9 மணிக்கு வழிபாடு. அன்றிரவு 8:45க்கு விருந்து. குடும்பத்தோடு அழைத்திருக்கிறார்கள்.

தேடிப் பார்த்தால் "யூதப் பையன்கள் வயதுக்கு வரும் சடங்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதவில்லை. இது பூணூல் போடுவது போலவா? இந்தச் சடங்கு நடந்தால்தான் அவன் முழு யூதன் ஆவானா? நடக்காவிட்டால்? அந்தப் பையன் ஒன்றரை வருடமாக வாராவாரம் ஆசிரியரிடம் போகிறானாம். எபிரேய எழுத்து தெரிந்த பையனுக்குச் சில வசனங்கள் வாசிக்க எதற்கு ஒன்றரை வருடம்? பெண்பிள்ளைகளுக்கும் உண்டென்றால் அது நம் மஞ்சள் நீராட்டு போன்றதா? படங்களில் பையன்கள் நெற்றிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டியிருக்கிறார்களே, அது இந்த நிகழ்ச்சியிலும் இருக்குமா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

பதில்: சுவடிப்பித்தன்

சொல்லிலிருந்து தொடங்கினால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். 'பார்' அரமேயச் சொல். மகன் என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் திமேயுவின் மகன் பர்திமேயு வருகிறானே, அந்தப் 'பர்'தான் இது. 'மிட்ஸ்வா' என்றால் கட்டளை. அந்த மொழிகளில் ஒன்றின் 'மகன்' என்றால் அதற்கு உட்பட்டவன், அதைச் சேர்ந்தவன் என்பது வழக்கு. ஆகவே பார் மிட்ஸ்வா என்பது முதலில் ஒரு விழாவின் பெயரே அல்ல, அந்தப் பையனின் நிலையைக் குறிக்கும் சொல். கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவன். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்முதில் இந்தப் பொருளில்தான் வருகிறது. விழாவுக்கு அந்தப் பெயர் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து, இடைக்கால ஜெர்மனியின் யூதர்களிடையே.

எனவே உங்கள் முதன்மையான கேள்விக்கு விடை: சடங்கு எதையும் உண்டாக்குவதில்லை. எபிரேய நாட்காட்டிப்படி அவனுடைய 13ஆம் பிறந்தநாள் தொடங்கும் மாலையில், இருட்டிய கணத்திலேயே அவன் பார் மிட்ஸ்வா ஆகிவிடுகிறான். ஜெப ஆலயம் வேண்டாம், ரபி (யூத மதகுரு) வேண்டாம், விருந்து வேண்டாம். அன்று காய்ச்சலில் படுத்திருந்தாலும் சரி, வீட்டில் யாருக்கும் தேதியே நினைவில்லாமல் போனாலும் சரி. பூணூலோடு ஒப்பிட்டால் வேறுபாடு இங்கேதான். உபநயனம் செய்துவைத்தால்தான் சந்தியாவந்தனம் தொடங்கும். இங்கே வயது வந்தாலே கடமை வந்துவிடுகிறது. அந்தக் கடமையை முதல் தடவையாக ஊரறியச் செய்வதுதான் விழா. யூதன் ஆவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பிறப்பால் அல்லது முறையான மதமாற்றத்தால் வருவது. விருத்தசேதனத்தோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது பிறந்த 8ஆம் நாள்.

13 என்ற எண் பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'பிர்கே அவோத்' நூலின் 5ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. 5 வயதில் வேதம், 10இல் மிஷ்னா, 13இல் கட்டளைகள், 15இல் தல்முத், 18இல் திருமணம் என்று ஒரு வரிசை போகும். கவனியுங்கள், 13 அந்த ஏணியில் நடுப்படிதான். "இன்று நீ ஆண்மகன்" என்று விருந்தில் சொல்வதெல்லாம் பேச்சுக்குச் சரி. கல்யாணம், பிழைப்பு எல்லாம் இன்னும் மேல்படிகளில் இருக்கின்றன.

சரி, அந்த மாலையில் என்ன மாறுகிறது? பொதுத் தொழுகைக்குப் பத்துப் பெரியவர்கள் வேண்டும். அந்தத் தொகுப்புக்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேரும் 12 வயதுப் பையனும் இருந்தால் அது ஒன்பதுதான். இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷ் வாழ்த்துரையைச் சொல்ல முடியாது, தோராச் சுருளை (மோசேயின் ஐந்து ஆகமங்களும் கையால் எழுதிய தோல் சுருள்) எடுத்து வாசிக்கவும் முடியாது. அடுத்த வாரம் அதே பையனுக்கு 13 ஆனால் அவனோடு பத்து. சிறிய ஊர்களில் பத்தாவது ஆளாக ஒரு பையன் கதவைத் திறந்து வந்தால் பெரியவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியே இந்த நிலையின் பொருளைச் சொல்லிவிடும். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் உபவாசம், ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல், இனி அவனுக்கும் கட்டாயம். அதற்கு முன் ஓரிரு ஆண்டுகள் கொஞ்ச நேரம் இருந்து பழகுவது வெறும் பயிற்சி.

இன்னொரு விதி மிக முக்கியம். கடமை இல்லாதவன் மற்றவர்களின் கடமையை நிறைவேற்றித் தர முடியாது. 12 வயதில் எவ்வளவு அழகாக ஊதினாலும் சபைக்காக ஷோஃபார் கொம்பு ஊத முடியாது. 13இல் சுமாராக ஊதினாலும் செல்லும். நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். கட்டாயம் இல்லாமல் தானாக விரும்பிச் செய்வதுதானே உயர்ந்தது? தல்முதில் ரபி ஹனினா நேரெதிராகச் சொல்கிறார்: கட்டளை பெற்றுச் செய்பவன், கட்டளை பெறாமல் செய்பவனைவிடப் பெரியவன். தோன்றும்போது செய்வதை நிறுத்திவிடலாம். கடமையை அப்படி நிறுத்த முடியாது. அந்தக் காலையில் பெற்றோர் கண் கலங்குவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கருத்து என்பது என் துணிபு.

மரபான சபைகளில் பையன் தோரா முன் அழைக்கப்பட்டதும் தந்தை ஒரு வரி சொல்வார்: "இவனுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுக." முதல்முறை கேட்பவர்களுக்குத் தந்தை மகனைக் கைகழுவுவது போல இருக்கும். அதுவரை மகன் செய்த பிழைக்குச் சரியாக வளர்க்காத தந்தை பொறுப்பு. இனி அவன் கணக்கு அவனுடையது, அவ்வளவே. கன்சர்வேட்டிவ், சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இதற்குப் பதிலாக வேறொரு நன்றி மன்றாட்டைச் சொல்வார்கள்.

பதில்: தாமிரபரணி

ஒன்றரை வருடம் ஏன் என்பதற்கு நான் எழுதுகிறேன்.

தோராச் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது. நிறுத்தக்குறி கிடையாது, வசன எண் கிடையாது, ராகக் குறி கிடையாது. மெய்யெழுத்துகள் மட்டும். ஹெத், லாமெத், பெத் என்ற மூன்றெழுத்து வந்தால் அதை 'ஹலாவ்' என்று படித்தால் பால், 'ஹேலெவ்' என்று படித்தால் கொழுப்பு. 'வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்காதே' என்ற யாத்திராகமக் கட்டளையில் உயிரைத் தவறவிட்டால் சட்டமே மாறிவிடும். புள்ளியும் நெடில்குறியும் தெளிவில்லாத நம் ஓலைச்சுவடிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் உடனே புரியும். பையன் அந்த மெய்யெழுத்துகளைப் பார்த்து, உயிர்களையும் ராகத்தையும் நினைவிலிருந்து சேர்த்து, சபை முழுவதும் கையில் அச்சுப் புத்தகத்தோடு பின்தொடர, உரக்க ஓத வேண்டும். புத்தகத்தில் எல்லாக் குறிகளும் இருக்கும். அதனால் தவறு எல்லாருக்கும் தெரியும்.

பயிற்சிக்குத் 'திக்குன்' என்ற நூல் உண்டு. பக்கத்தில் இரண்டு பத்திகள்: ஒன்றில் எல்லாக் குறிகளோடும் வசனம், மற்றதில் அதே வசனம் சுருளில் இருப்பது போலவே வெறுமையாக. முதலில் குறியுள்ள பத்தி, பிறகு அதை அட்டையால் மறைத்துவிட்டு வெறும் பத்தி. ராகக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சுரக்கோவை. பெரும்பாலும் தொடர்களாகத்தான் வரும். முனாஹ், எத்னஹ்தா, ஸோஃப் பசுக் போன்ற அடிக்கடி வரும் தொடர்களை முதல் மூன்று நான்கு மாதங்களில் பாடமாக்கிவிட்டால் மற்றவை வேகமாகப் பிடிபடும். ஷல்ஷெலெத் என்ற நீண்ட வளைவுக்குறி ஐந்து ஆகமங்களிலும் சேர்த்து நான்கே இடங்களில் வருகிறது. தன் பகுதியில் அது அமைந்த பையன்கள் அதைத்தான் அதிகம் பாடிப் பார்ப்பார்கள்!

சனிக்கிழமை வாசிப்பு குறைந்தது ஏழு பகுதியாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் ஒருவரை மேடைக்கு அழைப்பதற்கு 'அலியா' என்று பெயர். முதலில் கோஹேன் வழியில் வந்தவர் (தமிழ் வேதாகமத்தின் ஆசாரியர்), அடுத்து லேவியர், பிறகு மற்றவர்கள். எட்டாவதாக 'மஃப்தீர்' என்ற சிறு வாசிப்பு. பார் மிட்ஸ்வா பையனுக்குப் பெரும்பாலும் இதுதான். மஃப்தீருக்கு அழைக்கப்பட்டவர் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து எடுத்த 'ஹஃப்தாரா'வையும் ஓத வேண்டும். அது பொதுவாக அச்சுப் புத்தகத்திலிருந்து, குறிகளோடு. நிம்மதி என்று நினைத்தால், அதே குறிகளுக்கு அங்கே வேறு ராகம்! தோரா ராகத்தில் மூன்று வசனம் முடித்துவிட்டு அடுத்த நிமிடமே ஹஃப்தாரா ராகத்துக்கு மாறுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தோராவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆசிமொழி, ஹஃப்தாராவுக்கு முன் ஒன்று, பின் நான்கு. இவற்றை மனப்பாடமாக முதலிலேயே முடித்துவிட வேண்டும். பையன் முழுப் பராஷாவையும் தானே ஓதுவதும் உண்டு, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குறிப்பாக. வாரப்பகுதியான பராஷா ஒரே அளவு அல்ல. மிகச் சிறியது 30 வசனம், மிகப் பெரியது 176.

எங்கே கெட்டுப்போகிறது? முதலாவது, ஒலிப்பதிவைக் கேட்டுக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பது. குறிகளைக் கற்காமல் பாட்டாக மனத்தில் ஏற்றியவன் நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் மறுபடி நுழைய வழி தெரியாமல் நிற்பான். மறுமாதம் முழுக்க மறந்தும் போகும். குறி கற்றவன் வாழ்நாள் முழுக்க எந்தப் பகுதியையும் தயார் செய்துகொள்ளலாம். இரண்டாவது, குரல் உடைவது. 13 வயதில் இது சாதாரணம். வழக்கமான சுருதியில் ஆரம்பித்து மேலே போகையில் பிசிறும். நல்ல ஆசிரியர்கள் கடைசி இரண்டு மாதம் சுருதியை இறக்கிப் பாட வைப்பார்கள். மூன்றாவது, சுருளில் இடம் தவறுவது. இன்று பரவலாக எழுதப்படும் 42 வரிச் சுருள்களில் ஏறக்குறைய எல்லாப் பத்தியும் 'வாவ்' என்ற ஒரே எழுத்தில் தொடங்கும்படி எழுதுவார்கள். பத்தி மாறும்போது கண் தப்பும். அதற்குத்தான் 'யாத்' என்ற வெள்ளிச் சுட்டுகோல், நுனியில் விரல் நீட்டிய சிறு கையோடு. தோல் ஏட்டைக் கையால் தொடக்கூடாது. விழாவுக்கு முந்தைய வாரம் ஒரு முறையாவது அதே சுருளில், அதே மேசை உயரத்தில் ஓதிப் பார்க்க வேண்டும். வீட்டில் திக்குனில் தடையில்லாமல் ஓடியது சுருளில் ஓடாது.

பிழை விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மேசையருகே நிற்கும் 'கபாய்' சரியான சொல்லை மெதுவாகச் சொல்வார். பொருள் மாறும் பிழை என்றால் அந்தச் சொல்லுக்குத் திரும்பி ஓத வேண்டும். வெறும் ராகப் பிழை என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது இதுதான்: திருத்துவது அவமானம் அல்ல. 70 வயதுக்காரர் ஓதினாலும் திருத்துவார்கள்.

இந்த இழையோடு சேர்ந்த ஒரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. சுருளில் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து உடைந்து வேறெழுத்தாகத் தெரிந்தாலும் சுருள் செல்லாது. வேறு சுருள் எடுக்க வேண்டும். உடைந்ததா இல்லையா என்று பெரியவர்களுக்கே ஐயம் வந்தால் எழுத்துகள் மட்டும் தெரிந்த, பொருள் தெரியாத ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு "இது என்ன எழுத்து?" என்று கேட்பார்கள். அது சொல்வதே தீர்ப்பு. பெரியவர்களுக்கு வசனம் தெரியும், ஆகவே கண் ஏமாற்றும். குழந்தைக்குக் கண்ணில் பட்டதுதான் எழுத்து. 13 ஆகாதவனுக்கும் சபையில் ஒரு வேலை இருக்கிறது.

பதில்: கிழக்குவாசல்

கறுப்புப் பெட்டி கேள்வி. அதன் பெயர் தெஃபிலின். மத்தேயு 23:5இல் 'காப்புநாடாக்களை அகலமாக்கி' என்று வருவது இதைத்தான். அதே வசனத்தின் 'தொங்கல்கள்' தல்லித் சால்வையின் நான்கு முனைகளில் தொங்கும் முடிச்சுக் கயிறுகள். உங்கள் நிகழ்ச்சியில் தெஃபிலினைப் பார்க்க மாட்டீர்கள், ஏனென்றால் சனிக்கிழமையான ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அதைக் கட்டுவதில்லை. திங்கள், வியாழன் காலைகளிலும் தோரா வாசிப்பு உண்டு (மூன்று பேர், குறைந்தது 10 வசனம்). பல குடும்பங்கள் அந்த நாளில் பார் மிட்ஸ்வா வைப்பதற்குக் காரணமே தெஃபிலின்தான். எருசலேமின் மேற்குச் சுவரருகே திங்களும் வியாழனும் கூட்டம் நெரிவதும் இதனால்தான். நீங்கள் பார்த்த படங்கள் அநேகமாக அங்கே எடுத்தவை.

இரண்டு பெட்டிகள். கைப்பெட்டிக்குள் ஓர் அறை, ஒரே தோல்துண்டில் நான்கு வேதப் பகுதிகள். தலைப்பெட்டிக்குள் நான்கு அறைகள், நான்கு தனித் துண்டுகள். யாத்திராகமம் 13இலிருந்து இரண்டு, உபாகமம் 6இலிருந்தும் 11இலிருந்தும் ஒவ்வொன்று. நான்கையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில் வேத உரையாசிரியர் ராஷிக்கும் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ரபேனு தாமுக்கும் 12ஆம் நூற்றாண்டிலிருந்து தீராத கருத்து வேறுபாடு. பெரும்பாலோர் தாத்தா சொன்னபடி கட்டுகிறார்கள். சிலர் பேரன் சொன்னதையும் இரண்டாவது முறை கட்டுவார்கள்.

கட்டும் முறை: வலக்கைக்காரன் இடக்கையில், இடக்கைக்காரன் வலக்கையில். புயத்தின் தசைமேல், பெட்டி இதயத்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கைக்கடிகாரம், சட்டைக்கை எதுவும் இடையில் வரக்கூடாது. ஆசிமொழி, இறுக்கம், முன்கையில் 7 சுற்று. பிறகு வாய் திறக்காமல் தலைப்பெட்டி. அது முடிந்ததும் நடுவிரலில் 3 சுற்று. கைக்கும் தலைக்கும் நடுவே பேசக்கூடாது என்பதைப் புதுப்பையன்கள்தான் அடிக்கடி மறப்பார்கள்.

அதைவிடப் பரவலான தவறு தலைப்பெட்டி நெற்றியில் இறங்கிவிடுவது. 'கண்களுக்கு நடுவே' என்று வசனம் சொன்னாலும் சட்டப்படி இடம் முடி முளைக்கும் கோட்டுக்கு மேலே, இரு கண்களுக்கும் நடுக்கோட்டில். பெட்டியின் கீழ் விளிம்புகூட அந்தக் கோட்டுக்குக் கீழே வரக்கூடாது. காரணம் பெரும்பாலும் பின்கழுத்து முடிச்சுதான். வாங்கிய அன்று அளவெடுத்துப் போட்டது, வளரும் பையனுக்கு ஓரிரு வருடத்தில் பொருந்தாது. முடிச்சைத் தளர்த்தவோ இறுக்கவோ தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும், அவனாக இழுக்கக்கூடாது.

வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் தோல் கோணும், உள்ளே மை வெடிக்கும். வாரின் வெளிப்புறக் கறுப்பு உரிந்தால் மறுபடி கறுப்பேற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சுற்றுலாக் கடையில் வாங்கினால் உள்ளே அச்சடித்த காகிதம் இருக்கக்கூடும். பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் செல்லாது. தெரிந்த எழுத்தரிடம் வாங்குவதே வழி. வழக்கமாகப் பார் மிட்ஸ்வாவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே, சில சமூகங்களில் இரண்டு மாதம் முன்னதாகவே, கட்டிப் பழக ஆரம்பிப்பார்கள்.

நெய்தல்நிலா

மிக்க நன்றி. 'சடங்கு எதையும் உண்டாக்குவதில்லை' என்பது எல்லாவற்றையும் நேராக்கிவிட்டது. மேலும் இரண்டு கேள்விகள். அவன் பிறந்தநாளும் இந்தச் சனிக்கிழமையும் ஒன்றரை வாரம் தள்ளி இருக்கின்றனவே? பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்திருந்தது பார் மிட்ஸ்வாதான் என்று ஞாயிறு பள்ளியில் சொல்கிறார்களே, சரியா? அவன் ஓதப்போகும் பகுதி 'தஸ்ரியா' என்று அழைப்பிதழில் இருக்கிறது.

பதில்: சுவடிப்பித்தன்

லூக்கா 2இல் வயது 12, அது பஸ்கா யாத்திரை. தோரா முன் அழைத்தல், ஓதுதல், விருந்து என்ற வடிவம் அன்று கிடையாது. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. 13க்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே பிள்ளைகளைக் கட்டளைகளுக்குப் பழக்க வேண்டும் என்று மிஷ்னா சொல்வதை அந்தக் காட்சியோடு பொருத்திப் பார்க்கலாம். பார் மிட்ஸ்வா என்று பெயர் வைக்க முடியாது.

தேதி விஷயம் நம் வீடுகளில் ஆங்கிலத் தேதிப் பிறந்தநாளும் நட்சத்திரப் பிறந்தநாளும் தனித்தனியே வருவது போலத்தான். எபிரேய ஆண்டு சந்திர மாதங்களால் ஆனது, சாதாரண ஆண்டு ஏறத்தாழ 354 நாள். 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு ஆதார் மாதம் இரண்டு முறை வரும். நாள் மாலையில் தொடங்குவதால் இரவு 8 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு எபிரேயத் தேதி மறுநாளுடையது. பிறந்த நேரத்தைக் கேட்காமல் தேதி கணித்துவிட்டு ஒரு நாள் முந்திக்கொள்வது இங்கே நடக்கும் தவறு. விழாவைத் தள்ளி வைக்கலாம், முன்னுக்கு இழுக்க முடியாது.

ஆதாரில் ஒரு விசித்திரம் உண்டு, 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூஹ் நூலிலேயே இருக்கிறது. 2024இல் இரண்டு ஆதார். ஒரு பையன் 2024 மார்ச் 9 பகலில் பிறந்தான், முதல் ஆதார் 29. இன்னொருவன் மார்ச் 11 பகலில், இரண்டாம் ஆதார் 1. அவர்களுக்கு 13 ஆகும் 2037இல் ஆதார் ஒன்றுதான். இளையவன் ஆதார் 1இல் பார் மிட்ஸ்வா ஆகிவிடுவான். மூத்தவன் ஆதார் 29 வரை, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். மின்யானில் தம்பி பத்தாவது ஆள், அண்ணன் இன்னும் சின்னப்பையன்.

இஸ்ரேலில் விழா வைக்கும் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பஸ்காவின் 8ஆம் நாள் சனிக்கிழமையில் விழும் ஆண்டுகளில், வெளிநாட்டில் அது பண்டிகை, இஸ்ரேலில் வெறும் ஓய்வுநாள். அதனால் வாரப்பகுதி பல வாரங்களுக்கு ஒன்று முன்னும் பின்னுமாக ஓடும். ஒரு வருடம் படித்த பகுதி அங்கே போன வாரமே முடிந்திருக்கும்.

பதில்: தாமிரபரணி

தஸ்ரியாவா, பாவம் பையன்! லேவியராகமம் 12, 13. பிரசவத் தீட்டும் தோல்நோய்த் தழும்புகளும் நிரம்பிய பகுதி. பேச்சு எழுதுவதற்கு மிகக் கடினமானது என்று பெயர் பெற்றது. (ஓதியபின் தன் பகுதியைப் பற்றிச் சில நிமிடம் பேசுவது வழக்கம், 'துவார் தோரா' என்பார்கள்.) மரபான வழி ஒன்று இருக்கிறது. அந்தத் தோல்நோயைப் புறங்கூறுதலுக்கான தண்டனையாக ரபிகள் விளக்குகிறார்கள், மோசேயைப் பற்றிப் பேசிய மிரியாமுக்கு எண்ணாகமம் 12இல் வந்தது போல. அங்கிருந்து வகுப்பறை வதந்திக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே ஆயிரம் பையன்கள் அதைப் பேசிவிட்டார்கள். அடுத்த அத்தியாயத்தில் (லேவியராகமம் 14) ஆசாரியனே பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்ப்பதைப் பற்றி, ஒதுக்கப்பட்டவனிடம் முதலில் போவது யார் என்பதைப் பற்றிப் பேசும் பையன்கள் நல்ல பேச்சு எழுதுகிறார்கள்.

கூடுதல் மாத ஆண்டில் தஸ்ரியா தனியாக வரும். சாதாரண ஆண்டில் அடுத்த பகுதியான மெட்சோராவோடு சேர்ந்துவிடும். சேர்ந்தால் பொதுவாக இரண்டாவதன் ஹஃப்தாராதான் ஓதப்படும். இதைப் பார்க்காமல் தப்பான ஹஃப்தாராவை ஆறு மாதம் படிப்பதும் நடக்கிறது. ஞாயிறன்று அமாவாசை மாதத் தொடக்கம் வந்தால் அதற்கென்று தனி ஹஃப்தாரா வேறு. முதல் பாடத்துக்கு முன் அந்த ஆண்டின் ஜெப ஆலய நாட்காட்டியைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

பெண்பிள்ளைகள்: பத் மிட்ஸ்வா. 'பத்' மகள். சட்டப்படி 12 வயது. கன்சர்வேட்டிவ், சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் 13லேயே கொண்டாடுகிறார்கள். மஞ்சள் நீராட்டோடு ஒப்பிட முடியாது, பூப்பு வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, அறிவிப்பதும் இல்லை. நாட்காட்டிதான் கணக்கு. நிலை பண்டையது, பொது விழாதான் புதியது. பாக்தாத்தின் ரபி யோசெஃப் ஹயீம் 19ஆம் நூற்றாண்டிலேயே 12 ஆகும் நாளில் பெண் புத்தாடை உடுத்தி நன்றி ஆசிமொழி சொல்லட்டும் என்று எழுதினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய பாக்தாதி யூதர்கள் அந்த மரபைச் சேர்ந்தவர்கள்தாம். அமெரிக்காவில் 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ரபி மொர்தெகாய் கப்லானின் மகள் ஜூடித், 12 வயதில், சபை முன் நின்று ஓதினாள். சுருளிலிருந்து அல்ல, தன் அச்சுப் புத்தகத்திலிருந்து. 1992இல், 82ஆம் வயதில், இரண்டாம் முறை கொண்டாடினார். கன்சர்வேட்டிவ் இயக்கம் பெண்களை மின்யானில் எண்ணலாம் என்று 1973இல் அனுமதித்தது. ஆகவே நீங்கள் போகும் இடத்தில் பையனுக்கும் பெண்ணுக்கும் நிகழ்ச்சி அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெண் ஆண்கள் முன் சுருளிலிருந்து ஓதுவதில்லை. உரை, விருந்து, சில இடங்களில் பெண்கள் மட்டும் கூடும் வாசிப்பு.

பதில்: கிழக்குவாசல்

விருந்தினருக்குத் தேவையானதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பரிசையும் பண உறையையும் காலையில் ஜெப ஆலயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓய்வுநாளில் பணத்தைத் தொடுவதில்லை. இரவு விருந்து 8:45க்கு வைத்திருப்பதே சூரியன் மறைந்து ஓய்வுநாள் முடியட்டும் என்றுதான். அங்கே கொடுங்கள், அல்லது முன்பே அனுப்புங்கள். தொகை 18இன் மடங்கு: 36, 54, 72, 180. எபிரேயத்தில் எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. ஹெத் 8, யோத் 10, சேர்ந்தால் 'ஹய்', உயிர். நம் மொய்யில் 101, 501 வைப்பது போல இது அவர்கள் கணக்கு.

கைபேசியை அணைத்து உள்ளே வையுங்கள், படமெடுக்க வேண்டாம், குறிப்பெழுதவும் வேண்டாம். ஆண்களுக்கு வாசலில் கிப்பா தொப்பி வைத்திருப்பார்கள், எடுத்து அணியுங்கள். தல்லித் சால்வையை எடுக்க வேண்டாம், அது யூதர்களுக்கு மட்டும். சுருள்கள் வைத்திருக்கும் பேழை திறந்தால் எழுந்திருங்கள். சுருளை வலம் கொண்டுவரும்போது முத்தமிடத் தேவையில்லை, எழுந்து அதன் பக்கம் திரும்பி நின்றால் போதும். வழிபாடு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். பையன் ஓதுவது முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும். அவன் ஓதும்போது நடுவில் எழுந்து போவதும் கைதட்டுவதும்தான் உறுத்தும். முடிந்ததும் 'மஸல் தோவ்' (வாழ்த்துகள்) என்றால் சரி.

மிட்டாய் கொடுத்தால் வைத்திருங்கள், எறிவதற்குத்தான். ஹஃப்தாராவின் நான்காம் ஆசிமொழி முடிந்து ஆமென் சொன்னபிறகு, கீழிருந்து மெல்ல மேலே எறிய வேண்டும். மெத்தென்ற ஜெல்லி மிட்டாய்தான் தருவார்கள். முகத்துக்கு நேரே வீசக்கூடாது. பிறகு சின்னக் குழந்தைகள் ஓடிவந்து பொறுக்குவார்கள், காலடி பார்த்து நில்லுங்கள்.

அதன்பின் திராட்சரசத்தின் மேல் கிதூஷ் ஆசி. அதற்கு முன் சாப்பாட்டு மேசையில் கைவைக்காதீர்கள். வீட்டில் செய்த பலகாரம் எதையும் அன்போடுகூட எடுத்துப்போக வேண்டாம், கோஷர் என்ற உணவு விதிப்படி ஏற்க முடியாமல் அவர்கள் சங்கடப்படுவார்கள்.

இன்னொன்று, முந்தின நாள் உங்கள் தமிழ் வேதாகமத்திலேயே லேவியராகமம் 13ஐயும் 2 இராஜாக்கள் 5ஐயும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகும் கதை. தஸ்ரியா தனியாக வரும் வாரத்தில், சிறப்பு ஹஃப்தாரா எதுவும் குறுக்கிடாவிட்டால், அவன் ஓதப்போவது அதுதான். மொழி புரியாவிட்டாலும் 'நஅமான்' என்ற பெயர் காதில் விழும்போது எந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.